காத்திருக்கத் தெரிந்த புல்

விதைத்து மூன்று வாரம் ஆன சோளப் பாத்தி வீட்டுத் தோட்டக்காரருக்குச் சலிப்பைத்தான் தரும். அதே நாளில் ஊன்றிய தட்டைப்பயறு கொடி வீசத் தொடங்கியிருக்கும். முளைக்கீரையைப் பறித்துப் பொரியலும் செய்து முடித்திருப்பார்கள். சோளமோ ஐந்தாறு இலைகளோடு, களைப்புல்லா பயிரா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலையில் நிற்கும். விதை சரியில்லை என்று முடிவுகட்டிப் பலர் பாத்தியைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

செடி சும்மா இருக்கவில்லை. இலைகள் தயாரிக்கும் உணவில் கணிசமான பங்கு வேருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வயலில் முழுதாக வளர்ந்த சோளத்தின் வேர் ஒன்றரை மீட்டருக்கும் கீழே இறங்கும். பின்னாளில் கதிரை உருவாக்கப்போகும் வளர்முனை இன்னமும் மண்மட்டத்துக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. மேலே உள்ள இலைகளை வெயில் கருக்கினாலும் ஆடு கடித்தாலும் உள்ளிருந்து புதிய இலை புறப்படும். ஆடு கடித்தால் ஆட்டுக்குத்தான் ஆபத்து. அதைப் பின்னால் பார்ப்போம்.

மழை ஒழுங்காக வராத நிலத்தில் தோன்றிய புல் சோளம். மெதுவான தொடக்கம், இளம் இலையில் நஞ்சு, வெயில் ஏறினால் சுருண்டுகொள்ளும் இலை, தண்ணீர் இல்லாதபோது வளர்ச்சியையே நிறுத்திவைக்கும் வழக்கம் எல்லாம் அந்த நிலத்துக்கு ஏற்ப அமைந்தவை. எந்தப் பட்டத்தில் விதைப்பது, எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது, எப்போது களை எடுப்பது, கதிருக்கு எப்போது உறை மாட்டுவது என்று வேளாண் கையேடுகள் சொல்லும் விதிகளும் இந்தக் குணங்களைப் பார்த்து எழுந்தவையே. காரணம் தெரிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சூடானிலிருந்து கரிசலுக்கு

இங்கே பேசுவது மஞ்சள் முத்துகள் வரிசைகட்டிய மக்காச்சோளத்தைப் பற்றி அல்ல. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இரண்டும் ஒரே புல் குடும்பம்தான். ஆனால் இவற்றின் மூதாதையர் சுமார் 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வழி பிரிந்துவிட்டார்கள். கதிரில் கொத்தாக உருண்டை மணிகள் பிடிக்கும் நம் சோளம், அறிவியல் பெயர் சோர்கம் பைகலர், ஆப்பிரிக்கப் பயிர்.

தெற்கு எகிப்தின் பாலைவனத்தில் நப்தா பிளாயா என்ற இடத்தில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் காட்டுச் சோளத்தைச் சேகரித்து உண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அடுப்பங்கரைகளில் கரிந்த மணிகள் கிடைத்தன. பயிரிடப்பட்ட சோளத்தின் மிகப் பழைய தடயமோ கிழக்குச் சூடானில், கசலா வட்டாரத்தில் அகப்பட்டது. பானை வனையும் களிமண்ணில் உமியையும் பதரையும் கலந்து பிசைவது அக்கால வழக்கம். சூளையில் உமி எரிந்துபோனாலும் அதன் அச்சு பானை ஓட்டில் தங்கிவிட்டது. கி.மு. 3500க்கும் 3000க்கும் இடைப்பட்ட அந்த அச்சுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், சில மணிகள் தாமாக உதிர்ந்தவை அல்ல, அடித்துப் பிரிக்கப்பட்டவை என்பதைக் காம்பு முறிந்த விதத்திலிருந்து கண்டறிந்தார்கள். இந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பழுத்ததும் மணியை உதிர்த்துவிடுவது காட்டுப்புல்லின் வழக்கம். உதிர்க்காமல் கதிரிலேயே வைத்திருக்கும் செடியைத்தான் மனிதர்கள் திரும்பத் திரும்ப அறுத்து, அதன் விதையையே மீண்டும் விதைத்தார்கள். அப்படித்தான் அது பயிரானது.

கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டு வாக்கில் சோளம் இந்தியத் துணைக்கண்டத்தை எட்டியிருந்தது. ஹார்லன், டி வெட் என்ற இரு தாவரவியலாளர்கள் 1972இல் உலகச் சோளங்களைக் கதிரின் அமைப்பைக் கொண்டு ஐந்து இனங்களாகப் பிரித்தார்கள்: பைகலர், கினியா, காடேட்டம், காஃபிர், துர்ரா. இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது துர்ரா. மணிகள் நெருங்கிப் பிடித்த கெட்டியான கதிரும், சிலவற்றில் கொக்கியாக வளைந்த காம்பும் அதன் அடையாளம். ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டான்செருவில், இக்ரிசாட் எனப்படும் பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தின் விதைக் காப்பகத்தில் 40,000க்கும் மேற்பட்ட சோள மாதிரிகள் குளிர் அறைகளில் பாதுகாக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் சோளத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் நூற்றாண்டு வயதாகிறது. கரிசல் நிலத்துக்கென்று கோவில்பட்டியில் 1901இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூரில் 1923இல் சிறுதானியங்களுக்கென்றே ஒரு பயிர்ப்பெருக்க நிலையம் வந்தது. அங்கே பணியாற்றிய ஜி.என். ரங்கசாமி ஐயங்காரும் அவருடைய குழுவினரும் சோளப் பூ எந்நேரம் மலர்கிறது, தட்டையில் சாறு இருப்பதும் இல்லாததும் எப்படி மரபுவழி வருகிறது என்றெல்லாம் 1930களிலேயே ஆராய்ந்து எழுதினார்கள்.

பட்டமும் விதையும்

தமிழ்நாட்டில் சோளத்துக்கு நான்கு பட்டங்கள் உண்டு. ஆடிப் பட்டமும் புரட்டாசிப் பட்டமும் மானாவாரிக்கு. தைப் பட்டமும் சித்திரைப் பட்டமும் இறவைக்கு. குழாய்த் தண்ணீரை நம்பும் வீட்டுத் தோட்டத்துக்கு எந்தப் பட்டமும் ஒத்துவரும் என்று தோன்றலாம். ஆனால் பகல் பொழுதின் நீளத்தைச் சோளம் கணக்கில் வைத்திருக்கிறது. பகல் குறுகும் காலத்தில் பூப்பதே அதன் இயல்பு. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் இதை நன்றாகக் காணலாம். அங்குள்ள பழைய வகைகளை மழையின் தொடக்கத்தில் விதைத்தாலும் சில வாரங்கள் கழித்து விதைத்தாலும், மழைக்காலம் முடியும் தறுவாயில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கதிர் வாங்கும். முன்னதாகப் பூத்தால் ஈரத்தில் மணி பூஞ்சை பிடிக்கும். பிந்திப் பூத்தால் மண்ணில் ஈரம் இராது. இப்படி நாள் பார்த்துப் பூக்கும் குணம் குறைந்தவையாக இன்றைய ஆராய்ச்சி நிலைய ரகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதால், அவற்றுக்குப் பட்டக் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறது. கோ 30, கோ 32, கே 12 போன்றவை 95 முதல் 110 நாளுக்குள் அறுவடைக்கு வந்துவிடும்.

விதையை மளிகைக் கடையில் வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தோல் நீக்கித் தீட்டிய சோளத்தில் முளைக்கருவும் அடிபட்டிருக்கும், அது முளைக்காது. தீட்டாத முழுச் சோளம் முளைக்கலாம், ஆனால் அது என்ன ரகம், ஆளுயரம் போகுமா, எத்தனை நாள் பயிர் என்று எதுவும் தெரியாது. வீரிய ஒட்டு விதையாக இருந்தால் அதன் மணியை அடுத்த முறை விதைக்கும்போது செடிக்குச் செடி குணம் மாறும். பல்கலைக்கழக விதை நிலையத்திலோ தெரிந்த விவசாயியிடமோ ரகத்தின் பெயர் கேட்டு வாங்குவது நல்லது. இருபது மணிகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து, நான்காம் நாள் எத்தனை முளைத்தன என்று பார்த்தாலே விதையின் தரம் தெரிந்துவிடும்.

மானாவாரி விதைப்புக்கு விதையைக் கடினப்படுத்தும் ஒரு வழக்கம் இருக்கிறது. 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில், அதாவது லிட்டருக்கு 20 கிராம் கலந்த நீரில், விதையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, பிறகு நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்த வேண்டும். ஊறும்போது முளைப்புக்கு வேண்டிய நொதிகள் விழித்துக்கொள்கின்றன. வேர் எட்டிப் பார்ப்பதற்குள் உலர்த்திவிட்டால் வேலை பாதியில் நிற்கும். பிறகு மண்ணில் ஈரம் பட்டதும் விதை விட்ட இடத்திலிருந்து தொடரும். முளைப்பு விரைவாகவும் ஒரே சீராகவும் இருக்கும்.

ஆழம் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர். ஒரு சோள மணியின் எடை 25 முதல் 35 மில்லிகிராம்தான்; முளை வெளிச்சத்தை எட்டும்வரை இந்தக் கையிருப்பை வைத்தே காலம் தள்ள வேண்டும். விதைக்கும் குருத்துக்கும் இடையே உள்ள மெல்லிய வெண்தண்டு நீண்டு குருத்தை மேலே தள்ளுகிறது. மிக ஆழத்தில் ஊன்றினால் வெளிச்சம் வருமுன் கையிருப்பு தீர்ந்துவிடும். மேலோட்டமாக விதைத்தால் மண் காய்ந்துவிடும்; எறும்பும் குருவியும் பொறுக்கிக்கொள்ளும். மண்ணின் சூடு 18 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் முளைப்பு தாமதமாகும். தமிழ்நாட்டின் சமவெளியில் அந்தக் கவலை இல்லை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் உண்டு.

பத்தடிக்குப் பத்தடி பாத்தி என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். வரிசைக்கு வரிசை 45, செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் என்ற பரிந்துரைப்படி அதில் சுமார் 135 செடிகள் நிற்கும். 10 கிராம் விதை தாராளம். கூடுதலாக முளைத்தவற்றைப் பிறகு கலைத்துவிடலாம். ஹெக்டேருக்கு 3 டன் என்ற நல்ல விளைச்சல் கணக்கில் இந்தப் பாத்தி இரண்டரை முதல் மூன்று கிலோ வரை தானியம் தரும்.

மாடியில் வளர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சோளம் வறட்சியைத் தாங்குவதில் பெரும்பங்கு அதன் வேருடையது. ஒன்றரை அடி உயரப் பையில் அந்த வேருக்குப் போக இடம் இல்லை. ஆகவே வளர்ப்புப் பையில் நிற்கும் சோளத்துக்குக் கத்தரி, மிளகாய்க்கு ஊற்றுவதுபோலவே தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு பைக்கு இரண்டு செடி போதும். மொட்டை மாடியின் காற்றுக்கு உயரமான வகைகள் சாய்ந்துவிடும் என்பதால் குட்டை ரகமே ஏற்றது. அமெரிக்காவில் அறுவடை இயந்திரத்துக்கு ஏற்ற இடுப்பளவுச் சோளத்தை உருவாக்கியவை நான்கு குட்டை மரபணுக்கள் என்று குவின்பி, கார்ப்பர் என்ற டெக்சாஸ் ஆய்வாளர்கள் 1954இல் விளக்கினார்கள். இன்றைய குட்டை ரகங்கள் பலவற்றில் இருப்பவை அவைதான்.

முதல் முப்பது நாள்

இந்த மாதத்தில் சோளத்துக்கு இரண்டு எதிரிகள்: களையும் குருத்து ஈயும்.

குருத்து ஈ வீட்டு ஈயைவிடச் சிறியது. ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரையுள்ள இளம்பயிரைத் தேடி வந்து, இலையின் அடிப்புறத்தில் வெள்ளை நிறத்தில் நீளவாக்கான முட்டையை ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். இரண்டொரு நாளில் வெளிவரும் புழு, குருத்து வழியாக உள்ளே இறங்கி வளர்முனையை அறுத்துவிடும். சுற்றிலும் இலைகள் பச்சையாக இருக்க, நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும், அடியில் அழுகல் நாற்றம் இருக்கும். அழுகும் புரதத்தின் வாடை இந்த ஈக்குப் பிடிக்கும். அதனால்தான் கருவாட்டுத் தூள் வைத்த பொறியை வயலில் ஒரு மாதம் வரை வைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். வீட்டுப் பாத்திக்கு, துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் நனைத்த கருவாடு போதும். விதையைச் சற்றுக் கூடுதலாகத் தூவி, குருத்து காய்ந்த செடிகளைப் பிடுங்கி அழித்துவிடுவது இன்னும் எளிய வழி. மழை தொடங்கியதும் தாமதிக்காமல் விதைத்தால் ஈயின் பெருக்கம் உச்சம் தொடுமுன் பயிர் தப்பிவிடும்.

களையைச் சமாளிக்கச் சோளத்திடம் சொந்தமாக ஓர் ஆயுதம் இருக்கிறது. அதன் வேர்த்தூவிகளின் நுனியில் மஞ்சள் நிற எண்ணெய்த் துளிகள் கசியும். சோர்கோலியோன் என்ற அந்தப் பொருள் அருகில் முளைக்கும் சிறுவிதைக் களைகளின் ஒளிச்சேர்க்கையைக் கெடுக்கிறது. மண்ணில் உள்ள அமோனியம் நைட்ரேட்டாக மாறி மழையில் கரைந்தோடுவதையும் சோள வேரின் கசிவுகள் குறைக்கின்றன. இவ்வளவு இருந்தும் முதல் முப்பது நாள் களைக்கொத்துக்கு ஓய்வு கொடுக்கக் கூடாது. காரணம், ஏறத்தாழ முப்பதாம் நாளில்தான் வளர்முனை இலை உற்பத்தியை நிறுத்திவிட்டுக் கதிரை உருவாக்கத் தொடங்குகிறது. கதிரில் எத்தனை கிளை, எத்தனை பூ என்பது கண்ணுக்குத் தெரியாமல் அப்போது முடிவாகிறது. அந்த நாளில் பட்டினி கிடந்த செடிக்குப் பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் பெரிய கதிர் வராது.

காத்திருப்பதில் சோளத்தையே வெல்லும் ஓர் எதிரியும் உண்டு. சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிச் செடியின் விதை தூசியளவே இருக்கும். மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் சோள வேர், தனக்கு உதவும் பூஞ்சைகளை அழைக்க ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருளைக் கசியவிடும். சுடுமல்லி விதை அந்தச் சமிக்ஞையை ஒட்டுக்கேட்டு முளைத்து, சோள வேரில் ஒட்டி உறிஞ்சத் தொடங்கும். இந்தச் சமிக்ஞை பலவீனமாக உள்ள சோள வகைகளை உருவாக்கிய எத்தியோப்பிய விஞ்ஞானி கெபிசா எஜெட்டாவுக்கு 2009இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இதுவரை சோளம் பார்க்காத வீட்டுத் தோட்டத்து மண்ணில் சுடுமல்லி இருக்க வாய்ப்புக் குறைவு. சோளக்காட்டிலிருந்து வண்டல் கொண்டுவந்து கொட்டினால் அதுவும் கூடவே வரலாம்.

இளம் இலையின் நஞ்சு

கால்நடை வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த செய்தி: பூக்காத இளஞ்சோளத்தில் மாட்டை விடக்கூடாது. 1902இல் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரு வேதியியலாளர்கள் இதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து, துரின் என்று பெயரிட்டார்கள். துரின் தனியாக இருக்கும்வரை சாது. இலையின் மேல்தோல் செல்களில் அது சேமிக்கப்படுகிறது. அதை உடைக்கும் நொதியோ உள்ளிருக்கும் பச்சைச் செல்களில் இருக்கிறது. வெடிமருந்தையும் தீக்குச்சியையும் தனித்தனி அறையில் பூட்டிவைத்த ஏற்பாடு இது. பல் பட்டு இலை நசுங்கியதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியாகிறது. அது செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே தடுத்துவிடும். கால்நடை மருத்துவர்கள் இதற்கு சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தையோசல்பேட்டும் ஊசி போடுவார்கள். ஆனால் மாடு விழுந்த சில நிமிடங்களுக்குள் வர முடிந்தால்தான் பலன்.

துரின் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. முளையிலும் இளம்பயிரிலும் மிக அதிகம். செடி உயர உயரக் குறையும். மழை தவறி வாடி நிற்கும் பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து துளிர்க்கும் குருத்திலும், தழைச்சத்து அதிகம் பெற்ற பயிரிலும் மீண்டும் ஏறும். அதாவது, செடி எப்போதெல்லாம் ஒரு கடியைக்கூடத் தாங்க முடியாத நிலையில் இருக்கிறதோ அப்போதெல்லாம் கூடும். இந்த நஞ்சு உண்மையிலேயே பூச்சியிடமிருந்து காக்கிறதா என்று பார்க்க டென்மார்க் ஆய்வாளர்கள், துரின் தயாரிக்கும் மரபணுக்களைக் கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றுக்கு மாற்றினார்கள். வழக்கமாக அதைத் தின்னும் வண்டு அந்தச் செடியை ஒதுக்கிவிட்டது. 2001இல் இந்த முடிவு வெளியானது. துரினில் நைட்ரஜன் இருப்பதால் அதைச் செடி ஒரு சேமிப்பாகவும் பயன்படுத்தி, தேவைப்படும்போது பிரித்து எடுத்துக்கொள்கிறது என்பதற்கும் சான்றுகள் உள்ளன.

வீட்டுத் தோட்டத்துக்கு இதிலிருந்து இரண்டு எச்சரிக்கைகள். கலைத்த நாற்றுகளையும் காய்ந்த குருத்துகளையும் ஆடு, மாடு, முயலுக்குப் போடாமல் உரக்குழியில் போட வேண்டும். தீவனத்துக்கு அறுப்பதானால் பாதிக் கதிர்கள் பூத்த பிறகு அறுத்து, வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும். இரண்டாவது இன்னும் முக்கியம்: சோளத்தை முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடக்கூடாது. பாசிப்பயறை முளைகட்டுவதுபோல எல்லாத் தானியத்தையும் முளைகட்டலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். உலர்ந்த சோள மணியில் இந்த ஆபத்து இல்லை. முளைக்கத் தொடங்கியதும் துரின் உருவாகிறது. 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 100 கிராம் விதையிலிருந்து கிடைத்த முளைகளில் ஒரு பெரியவர் உயிருக்கே ஆபத்தான அளவு சயனைடு வெளிவந்தது. ஆப்பிரிக்காவில் முளைகட்டிய சோளத்தை உணவுக்கும் மதுவுக்கும் பயன்படுத்துபவர்கள் அதை உலர்த்தி, வேரையும் முளையையும் தேய்த்து நீக்கிய பிறகே மாவாக்கிக் காய்ச்சுகிறார்கள்.

வெயிலோடு ஒரு கணக்கு

நாற்பதாம் நாளுக்குப் பிறகு செடியின் போக்கே மாறிவிடும். வளர்முனை மேலே ஏறத் தொடங்கியதும் தட்டை மளமளவென்று உயரும். இந்த வேகத்துக்கு சி4 எனப்படும் ஒளிச்சேர்க்கை முறை காரணம். நெல், கோதுமை போன்றவற்றில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி, வெப்பம் கூடும்போது தவறுதலாக ஆக்சிஜனையும் பிடித்து உழைப்பை வீணாக்கும். சோளம், கரும்பு, மக்காச்சோளம் ஆகியவை முதலில் வேறொரு நொதியால் கரியமில வாயுவைப் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் செறிவாக அனுப்பிவிடுகின்றன. அங்கே தவறு நடக்க வழியில்லை. இலைத்துளைகளைக் கொஞ்சமாகத் திறந்தாலே போதும் என்பதால் நீராவியாகப் போகும் தண்ணீரும் மிச்சம்.

அந்த மிச்சத்தை அளந்தவர்கள் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள். கொலராடோ மாநிலத்தின் அக்ரனில் தொட்டிகளில் பயிர்களை வளர்த்து, எடை போட்டு, 1914இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு கிலோ உலர்ந்த பயிர்ப்பொருள் உருவாகச் சோளத்துக்குச் சுமார் 320 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டது. மக்காச்சோளத்துக்கு 370, கோதுமைக்கு 510, குதிரைமசாலுக்கு 830.

தட்டையையும் இலையுறையையும் விரலால் தடவினால் வெண்பொடி ஒட்டும். பலர் அதைச் சாம்பல் நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். அது செடியே சுரக்கும் மெழுகு. நீர் ஆவியாவதைத் தடுக்கிறது, வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. உச்சிவேளையில் இலை நீளவாக்கில் சுருண்டுகொள்வதும் நோய் அல்ல. இலையின் மேற்புறத்தில் நடுநரம்பை ஒட்டியுள்ள பெரிய செல்கள் நீரை இழந்து தொய்ந்ததும் இலை மடங்கி, வெயில் படும் பரப்பு குறைகிறது. மாலையில் விரிந்துவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. விடிகாலையிலும் சுருண்டே இருந்தால் உடனே தண்ணீர் விட வேண்டும். ஈரம் மேலும் குறைந்தால் செடி வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். மழை பெய்ததும் தொடரும். மக்காச்சோளத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. ஆனால் சோளத்தின் பொறுமைக்கும் எல்லை உண்டு. கதிர் தோகைக்குள் பொதிந்திருக்கும் நாளிலிருந்து பூத்து முடியும்வரை, ஏறத்தாழ ஐம்பதாம் நாளிலிருந்து எழுபதாம் நாள்வரை, ஈரம் தவறினால் மணி பிடிக்காது.

இலைகளில் செம்பழுப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றுவதும் வழக்கம். பூச்சி கடித்த இடத்திலும் பூஞ்சை நுழைந்த இடத்திலும் செடி ஒருவகை நிறமியைச் சுரந்து காயத்தைச் சுற்றி வளைக்கிறது. கானா நாட்டில் அரிசியும் காராமணியும் சேர்த்துச் செய்யும் வாச்சே என்ற சோற்றுக்கு அதன் செந்நிறத்தைத் தருவது இதே நிறமி செறிந்த சோள இலையுறைதான்.

இலையின் நடுநரம்பும் ஒரு செய்தி சொல்லும். அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் தட்டையின் உட்பகுதி உலர்ந்த நெட்டி. மங்கலான பச்சையாக இருந்தால் உள்ளே சாறு இருக்கிறது. ரங்கசாமி ஐயங்காரின் குழு கோவையில் ஆராய்ந்த பண்பு இது. இதற்குப் பொறுப்பான மரபணு எது என்பது 2018இல் வெளியான ஆய்வுகளில் தெரிந்தது: அது முழுதாக இயங்கும்போது தண்டின் உட்செல்கள் தாமே மடிந்து காற்று நிரம்புகிறது, பழுதானால் சாறு தங்கிவிடுகிறது. கிராமத்துப் பிள்ளைகள் கடித்துச் சுவைக்கும் இனிப்புச் சோளத்தட்டை அந்தப் பழுதின் கொடை.

கதிரும் கிளியும்

கதிர் வெளிவந்த இரண்டொரு நாளில் உச்சியில் பூ மலரத் தொடங்கி, நாளுக்கு நாள் கீழே இறங்கி, ஒரு வாரத்துக்குள் அடிவரை முடியும். மலர்வது நள்ளிரவுக்குப் பின்னும் விடியற்காலையிலும். சிறுகதிர்கள் இரட்டை இரட்டையாக இருக்கும். காம்பில்லாத ஒன்றுதான் மணியாகும். காம்புள்ள மற்றொன்று மகரந்தத்தோடு நின்றுவிடும், அல்லது வெறுமனே உதிரும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர் என்றாலும், நூற்றில் ஐந்து முதல் பதினைந்து மணிவரை அயல் மகரந்தத்தால் உருவாகலாம். பக்கத்து வீட்டில் வேறு சோளம் இருந்தால், விதைக்கென்று வைக்கும் கதிர்களுக்குப் பூ மலருமுன்பே காகித உறை மாட்டிவிட வேண்டும்.

மணியில் பால் பிடித்ததும் பறவைகள் வந்துவிடும். பெரிய வயலில் இழப்பு பரவிப் போகும். ஊருக்குள் தனியாக நிற்கும் பத்தடிப் பாத்தியை நான்கு கிளிகள் இரண்டு காலையில் காலி செய்துவிடும். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கில் திரளும் குவேலியா குருவிகளுக்கு எதிராகச் சோளம் உருவாக்கிய பதில், மணித்தோலுக்கு அடியில் உள்ள டானின். துவர்ப்பால் பறவை ஒதுங்கும். அதே டானின் மனிதக் குடலில் புரதத்தைப் பற்றிக்கொண்டு செரிமானத்தையும் குறைக்கும். செந்நிறமான எல்லாச் சோளத்திலும் டானின் இருப்பதில்லை. நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. வீட்டுத் தோட்டக்காரருக்கு எளிய வழி, வெண்சோளத்தை விதைத்து, பூத்து முடிந்ததும் கதிருக்கு வலைத்துணிப் பை கட்டுவது. பிளாஸ்டிக் பை கூடாது. உள்ளே வேர்க்கும் ஈரத்தில் கதிர்ப் பூஞ்சாணம் பரவும்.

அறுவடை நாளை மணியே காட்டும். கதிரிலிருந்து ஒரு மணியை உதிர்த்து, அது ஒட்டியிருந்த அடிமுனையைப் பார்த்தால் போதும். அங்கே கரும்புள்ளி தோன்றியிருந்தால் தாய்ச்செடியிலிருந்து உணவு வரும் வழி அடைபட்டுவிட்டது என்று பொருள். பூத்த நாளிலிருந்து முப்பது, நாற்பது நாளில் இது கதிரின் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கும். அப்போதும் மணியில் 30 சதவீதம்வரை ஈரம் இருக்கும். அடிக்கதிர்வரை புள்ளி வந்த பிறகு அறுத்து, வெயிலில் 12 சதவீதத்துக்குக் கீழே உலர்த்தினால்தான் வண்டும் அந்துப்பூச்சியும் அண்டாமல் இருக்கும். விதைக்குச் சாயாத, குருத்து ஈ தாக்காத, ஒரே சமயத்தில் முற்றிய செடிகளின் கதிர்களைத் தனியே எடுத்து வைக்கலாம்.

செடியைப் பிடுங்க வேண்டிய அவசியமும் இல்லை. தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் விட்டு அறுத்து, தண்ணீரும் கொஞ்சம் உரமும் கொடுத்தால் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு கிளைக்கும். முதல் பயிர் போட்ட வேர் தயாராக இருப்பதால் இது சில நாள் முன்னதாகவே கதிர் வாங்கும். தைப் பட்டத்தில் விதைத்தவர்களுக்கு இப்படி இரண்டாவது அறுவடை கிடைக்கும்.

உரலும் உலையும்

நூறு கிராம் சோளத்தில் சுமார் 10 கிராம் புரதமும் அதே அளவு நார்ச்சத்தும் உள்ளன; கோதுமையில் உள்ள குளூட்டன் இதில் இல்லை. ஆனால் புரதத்தின் பெரும்பகுதியான காஃபிரின் ஒரு விசித்திரமான பொருள். மற்றத் தானியங்களைவிடச் சோளத்தில், தண்ணீரில் வேகும்போது அதன் மூலக்கூறுகள் கந்தகப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். செரிமான நொதிகள் உள்ளே நுழையத் திணறும். புளிக்க வைத்தால் இந்தத் தடை குறைகிறது. மாவை இரவு முழுக்கக் கரைத்து வைத்துக் காலையில் காய்ச்சும் சோளக் கூழிலும், உளுந்தோடு அரைத்துப் புளித்த சோள தோசையிலும், சூடானில் புளித்த மாவை மெல்லிய ஏடாக வார்க்கும் கிஸ்ராவிலும் நடப்பது இதுதான். மணியைச் சிறிது தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, மேல்தோலைப் புடைத்து நீக்குவதும் நார்ப்பொருளோடு சேர்த்துப் பைட்டேட் போன்ற தடைப்பொருள்களைக் குறைக்கிறது. இரும்புச்சத்து உடலில் சேர அது உதவும்.

குத்திப் புடைத்ததில் தவிடு போக, பத்தடிப் பாத்தியின் தானியத்தில் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏறத்தாழ பத்து வேளைக் கூழ் தேறும். அடுத்த பட்டத்துக்கு விதையாக ஒதுக்க வேண்டியது 10 கிராம்.